யாதவகிரி கர்னல் அம்மா

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கம்ப்யூட்டரின் கீபோர்டு ஒன்று சாய்வாக வெளியே வந்தது. அதன் வயர் உள்ளே மேஜைமேல் கம்ப்யூட்டரோடு மாட்டியிருந்ததால் பாதி தூரம்தான் வர முடிந்தது. "ஏம்ப்பா, இதுல ஏதாவது ஒரு எழுத்தை அழுத்து" என்றார் வீட்டுக்கார அம்மா. என் விரல்களில் இஸ்திரிப் பெட்டியின் கரி. தோள் துண்டில் துடைத்தேன். துடைத்த பிறகும் கரிதான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் முழுதாகத் தெரியாது. சட்டைக் காலரில் தைத்திருக்கும் எஸ், எம், எல் மூன்றும் மட்டும் நன்றாகத் தெரியும். அவற்றைப் பார்த்துத்தான் அப்பா சட்டை எது, பிள்ளை சட்டை எது என்று பிரிப்பேன். தெரிந்ததில் பெரிய அளவாகவே இருக்கட்டும் என்று எல் என்ற எழுத்தை அழுத்தினேன். உள்ளே கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு எல் வந்து நின்றது. "இன்னொண்ணு அழுத்து" என்றார். எம் அழுத்தினேன். வரவில்லை. எஸ் அழுத்தினேன். அதுவும் வரவில்லை. நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீ கெடுக்கலைப்பா. ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு. முதல் எழுத்து வருது, அப்புறம் சும்னே, பேசாம நிக்குது" என்று சொல்லிவிட்டு, அம்மா தன் நெற்றியை ஒரு விரலால் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். கோளாறு கம்ப்யூட்டரிலா, இங்கேயா என்று அந்தத் தட்டல் கேட்டது. அவர் ஏன் அப்படித் தட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வீடு மைசூரில், யாதவகிரியில், ரயில் ஊதுவது கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அம்மாவின் அப்பா ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அம்மா பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது எல்லாம் மைசூரிலேயே. தமிழ் பேசுவார், எழுதப் படிக்க வராது. பேச்சிலும் பாதி கன்னடமாக இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பெரிய பெரிய பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். நான் தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரன். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்ததோடு சரி. பிறகு மைசூருக்கு வந்து இஸ்திரி வண்டி போட்டேன். தெருவில் வெயிலில் நின்றிருந்த என்னைக் கூப்பிட்டு, காம்பவுண்டுக்கு உள்ளேயே புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னவர் அம்மா. அவர் மேஜை இருந்த ஜன்னலுக்கும் என் வண்டிக்கும் நடுவில் ஒரு செம்பருத்திச் செடிதான்.

எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, கூச்சம். வாடிக்கையாளர் "எப்ப வரட்டும்?" என்று கேட்டால், பதில் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நன்றாகக் கேட்பேன். எங்கள் பக்கம் ஒருவர் பேசினால், கேட்கிறவர் நடுநடுவே ஊம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவர் நிறுத்திவிட்டு, "கேக்கறயா, தூங்கறயா?" என்பார். ஊம் கொட்டுவதற்கு வார்த்தை தேவையில்லை என்பதால் எனக்கு அது கைவந்துவிட்டது. அம்மாவுக்கு வீட்டில் பேச ஆளில்லை. அவர் பேசுவார், நான் துணியைத் தேய்த்துக்கொண்டே ஊம் என்பேன். என் ஊம்களில் அவர் வித்தியாசம் கண்டுபிடித்து வைத்திருந்தார். நீளமான ஊம் என்றால் புரிந்தது. சின்னதாக, மூக்கால் வந்தால் புரியவில்லை, மரியாதைக்குச் சொன்னது. என் மனைவிக்கு இது தெரிந்ததும், "வூட்டுல ஒரு வார்த்தை பேசறதுக்கு உங்களுக்கு வலிக்குது. அங்க போயி நாளெல்லாம் ஊங்கொட்டறீங்களாக்கும்" என்றாள். அதற்கும் நான் ஊம் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அந்த வருடம் கோடையில் ஒரு நாள் அம்மா பூ வாங்க தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனார். சின்ன வயதிலிருந்து போய் வரும் இடம். வழக்கமான வாசலில் கூட்டமாக இருந்ததால் வேறு வாசல் வழியாக வெளியே வந்தவருக்கு, வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மறந்துவிட்டது. சின்ன மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மல்லிகைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தெருக்காரர் ஒருவர் பார்த்து ஆட்டோவில் கூட்டிவந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வெயிலும் வெறும் வயிறும்தான் என்றார். ஆனால் விஷயம் புனேவுக்குப் போய்விட்டது. தசராவுக்கு வந்து அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவதாகவும், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றும் மகன் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, பயத்தில்தான். அம்மாவுக்கும் பயம். "அவன் சொல்றது சரியா இருந்தா நான் போகத்தான் வேணும். ஆனா சரியான்னு எனக்கே தெரியணும் இல்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் ஊம் என்றேன். "சுலபமானதைச் செஞ்சு பார்த்தா தெரியாது. கஷ்டமா, புதுசா ஒண்ணைக் கத்துக்கணும். தலை பிடிச்சுக்கிச்சுன்னா இங்கேயே இருப்பேன். பிடிக்கலைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு நானே அவன்கூடப் போயிடுவேன்." இப்படித்தான் அவர் கர்னல் படிக்க ஆரம்பித்தார்.

கர்னல் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. என் ஊம் மூக்கால் வந்ததைப் பார்த்து அவரே சொன்னார். கம்ப்யூட்டரில் நாம் பார்க்கும் படம், எழுத்து, பாட்டு எல்லாம் வெளிவேலை. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று உட்கார்ந்து, யாருக்கு எப்போது முறை, யாருக்கு எவ்வளவு இடம், யார் யாரோடு பேசலாம் என்று எல்லாவற்றையும் மேய்க்கிறது. அதுதான் கர்னல். "கொட்டையை உடைச்சா உள்ளே பருப்பு இருக்கும் இல்லையா, அந்தப் பருப்புன்னுதான் அர்த்தம்" என்றார். பெரிய கம்பெனிகள் செய்த கர்னல்கள் ஏற்கனவே இருக்கின்றன. ஆனால் ஒன்றுமே இல்லாத வெறும் கம்ப்யூட்டரில் தானே ஒரு குட்டிக் கர்னலை எழுதி ஓடவைத்துப் பழகுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அவர்கள் எழுதி வைத்த பாடங்கள் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும். அம்மா அவற்றைப் படிப்பார், படித்ததை எனக்குத் தமிழில் சொல்வார். எனக்குச் சொல்ல முடிந்தால் தனக்குப் புரிந்தது என்று அவருக்கு ஒரு கணக்கு. என் மூக்கு ஊம் வந்தால், "இரு, இதை நானே சரியா வாங்கிக்கலை" என்று திரும்ப உள்ளே போய்விடுவார். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பழக்கமோ என்னவோ, அவருக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பிக்கை வராது.

முதலில் அவர் எழுதியது எதையும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. எழுதியதன் கடைசியில் ஒரு அடையாளம் வைக்க வேண்டுமாம். அது இருந்தால்தான், கரண்ட் வந்து கண் விழிக்கும் கம்ப்யூட்டர், இது எனக்காக வைத்தது என்று எடுத்துக்கொள்ளும். அம்மா அதை முன்பின்னாக வைத்திருந்தார். "கவர் மேல அட்ரஸை எழுதாம ஸ்டாம்பை உள்ளே ஒட்டின மாதிரி" என்றார். பிறகு அடையாளத்தைக் கண்டுகொண்டது. ஆனால் தொடங்கியதுமே விழுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி விழுந்தது. லாப்டாப்பிற்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை ஓடவிட்டு முதலில் அதில்தான் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்க் கம்ப்யூட்டர் ஜன்னல் வழியே எனக்கு மினுக் மினுக்கென்று தெரியும். "கண் சிமிட்டுது பாரு, கேலி பண்ணுது" என்பார். கோபமே வராது. விழுந்தது ஏன் என்று கண்டுபிடிக்கும்வரை காப்பி ஆறிப்போய்க் கிடக்கும். ஒரு நாள் காலையில் திரையின் இடது மூலையில் ஒரே ஒரு எழுத்து வந்து, விழாமல் நின்றது. அம்மா ஊரைக் கூட்டவில்லை, கத்தவில்லை. அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நெய் வாசனை வந்தது. ஒரு கிண்ணம் நிறைய கேசரிபாத்தை ஜன்னல் வழியே நீட்டி, "ஒரு எழுத்துக்கு ஒரு கிண்ணம். ஒரு வரி வந்தா உனக்கு அண்டா" என்றார்.

இதற்கிடையில் என்னால் ஒரு குழப்பம் வந்தது. துணி கொடுக்க வருபவர்கள், அம்மா என்ன எப்போதும் மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பார்கள். நான் வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவன். "கர்னல்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை எண்ணுவேன். அது தெருவில் எப்படியெல்லாம் வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் பதினைந்துக்கு முன்பு தெருச் சங்கத்தின் தலைவர், ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர், வெள்ளைச் சட்டையில் வந்து என் வண்டி முன்னால் நின்றார். "கர்னல் மனேலி இதாரா?" என்று கன்னடத்தில் கேட்டார். கர்னல் வீட்டில் இருக்கிறாரா என்று. நான் தலையை ஆட்டினேன். உள்ளே போனவர், இத்தனை வருடம் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தவர் நம் தெருவிலேயே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டு, இந்தத் தடவை கொடியை அவரே ஏற்ற வேண்டும் என்று கேட்டாராம். அம்மா வெளியே வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. "ஏம்ப்பா, என்னை மிலிட்டரியில சேர்த்துவிட்டுட்டியே. யூனிஃபார்ம் எங்கே, அதையும் நீயே தேய்ச்சு வெச்சுடு" என்றார். பின்னால் தலைவர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அம்மா அவருக்குக் கம்ப்யூட்டர், கொட்டை, பருப்பு எல்லாவற்றையும் விளக்கினார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது பரவால்ல மேடம், எல்லார்கிட்டயும் கர்னல் வர்றாங்கன்னு சொல்லியாச்சு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினார்.

அம்மா கொடியேற்றினார். பேசவும் செய்தார். தான் பட்டாளத்துக் கர்னல் இல்லை, கம்ப்யூட்டர் கர்னல் படிக்கும் மாணவி என்றும், தெருவில் நீர், குப்பை, விளக்கு எல்லாம் யாரும் கவனிக்காமலே நடக்கிறதென்றால் யாரோ அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், கம்ப்யூட்டரிலும் அப்படி ஒருவர் உண்டு என்றும் கன்னடத்தில் சொன்னார். தெருவின் தண்ணீர் வால்வைத் திறந்து மூடுகிறவர் அதைக் கேட்டு முன்னால் வந்து நின்றுகொண்டார். எதிர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் உண்மையாகவே பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். விஷயம் தெரிந்த பிறகும் அம்மா கேட்டைத் திறந்தால் விறைத்து நின்று சல்யூட் அடிப்பார். "தெரியுது மேடம். ஆனா அந்தப் பேரைக் கேட்டா கை தானா போகுது" என்பார். அம்மாவும் பூக்கூடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பதில் சல்யூட் வைப்பார். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் கர்னல் அம்மா ஆகிவிட்டார்.

ஆவணி போய் புரட்டாசி வந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. அப்போதுதான் நான் முதலில் சொன்ன கீபோர்டு கோளாறு. திரையில் எழுத்துக் காட்டுவது கர்னல் பேசுவது போல. கீபோர்டிலிருந்து எழுத்தை வாங்குவது அது காது கொடுத்துக் கேட்பது போல. பேசவும் கேட்கவும் தெரிந்துவிட்டால் அது உயிருள்ள கர்னல், அதை மகனிடம் காட்டலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தார். பேச்சு வந்துவிட்டது. காதுதான் ஒரு எழுத்தோடு அடைத்துக்கொண்டது. எனக்கு அவர் விளக்கியது இப்படி: "நீ ஒரு சட்டையைத் தேய்ச்சுக்கிட்டிருக்கே. ஒருத்தர் வந்து கூப்பிடுறார். பெட்டியைத் துணி மேலேயே விட்டுட்டுத் திரும்புவியா?" இல்லை, தூக்கித் தாங்கியின் மேல் வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். "வந்தவர் சொல்றதைக் கேட்டுட்டு, மறுபடி அதே சட்டையில விட்ட இடத்துல இருந்து தேய்ப்பே. கர்னலும் அப்படித்தான். கீபோர்டு கூப்பிட்டா, செய்ற வேலையைப் பத்திரமா வெச்சுட்டு, எழுத்தை வாங்கிக்கிட்டு, திரும்ப வந்து வேலையை எடுத்துக்கணும்." நான் நீளமான ஊம் கொட்டினேன். இதைவிட எனக்கு எது புரியும்? "அதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன். முதல் ஆளை நல்லாத்தான் கவனிக்குது. ரெண்டாவது ஆள் வர்றதே இல்லை."

பொய்க் கம்ப்யூட்டரிலும் அப்படியே, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அதில் ஏற்றிப் பார்த்தபோதும் அப்படியே. நாட்கள் ஓடின. தெருவில் வீட்டு வீட்டுக்குக் கொலுப்படி கட்டும் பலகைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அம்மா செடிக்குத் தண்ணீர் விட மறந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இதெல்லாம் யோசனையில் இருப்பவர் யாருக்கும் நடப்பதுதான். ஆனால் ஒவ்வொன்றும் நடந்தவுடன் அவர் விரல் நெற்றிக்குப் போகும். ஒரு நாள் ஜன்னலுக்கு வந்து, பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பும் கதையையே மறுபடி முதலிலிருந்து சொன்னார். முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, "இதை உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கேனா?" என்று கேட்டார். ஊம் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி அது. "சொல்லியிருக்கீங்கம்மா" என்றேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எப்படியோ அடுத்த வாக்கியம் வந்தது. "ஆனா அன்னைக்குச் சொன்னத விட இன்னைக்கு நல்லா வெளங்குச்சுங்க." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஒரே மூச்சுல இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லைப்பா" என்றார். அன்று மாலை செடிகளுக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டார்.

அது நடந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். என் தண்ணீர்ப் பாட்டிலின் மூடி உடைந்துபோயிருந்தது. மூடியில் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் துணியில் தண்ணீர் தெளிப்பேன். தொழில் பழகிய காலத்தில் வாயில் தண்ணீரை வைத்துப் பூப்போல ஊதித் தெளிக்கக் கற்றிருந்தேன். இப்போது அதைப் பார்த்தால் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காது. அதனால் மரத்தின் பக்கம் திரும்பி நின்று, என் சொந்த வேட்டிதானே என்று ஒரு வாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா ஜன்னலுக்கு வந்து பேச ஆரம்பித்துவிட்டார். திரும்பினேன். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது, அது கரி வாளிப் பக்கத்தில் இருந்த தண்ணீர். ஊதினால் செம்பருத்தியைத் தாண்டி அம்மா மேலேயே விழும். கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு நின்றேன். அம்மா என்னைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே, "கீபோர்டுக்கும் கர்னலுக்கும் நடுவுல ஒரு சின்ன சிப் இருக்குப்பா. அதுதான் கர்னலைக் கூப்பிட்டு எழுத்து வந்திருக்குன்னு சொல்லும்" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். என் ஊமுக்காகக் காத்தார். நான் கண்ணை உருட்டினேன். "சிப் சொல்லும்" என்று மறுபடி சொன்னார். மறுபடி காத்தார். "ஏம்ப்பா, ஊம் சொல்லேன். நீ ஊம் சொன்னாத்தானே நான் அடுத்ததைச் சொல்ல முடியும்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுவும் காத்துக்கிட்டிருக்கு" என்றார், மெதுவாக. பிறகு செருப்பை ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு மேஜைக்கு ஓடினார். அந்தச் சத்தத்தில் நான் தண்ணீரை விழுங்கிவிட்டேன். வாய் நிறையக் கரி ருசி. விஷயம் இவ்வளவுதான். அந்தச் சின்ன சிப் ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு, கேட்டாயிற்று என்று கர்னல் ஒரு பதில் தரும்வரை வாயே திறக்காது. கர்னல் கேட்டது, வாங்கிக்கொண்டது, தன் வேலைக்குத் திரும்பியது. ஊம் மட்டும் சொல்லவில்லை. பாடத்திலும் அது ஒரு வரியாக இருந்ததாம், அம்மா அதைத் தாண்டிப் போயிருக்கிறார். புதிதாகப் படிக்கிற எல்லோரும் விழும் குழி அது என்று பின்னால் அவரே எங்கோ படித்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே கீபோர்டு மறுபடி வெளியே வந்தது. "அழுத்து. எவ்வளவு வேணும்னாலும் அழுத்து." நான் எஸ், எம், எல் அழுத்தினேன். மூன்றும் வந்தன. பெரிய உடம்புக்காரர் சட்டையில் இருக்கும் பெருக்கல் குறி போன்ற எழுத்தும் எல்லும் சேர்த்து அழுத்தினேன். அதுவும் வந்தது. திரை முழுக்கச் சட்டை அளவாக நிரம்பியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "இங்கே ஒண்ணும் ஆகலைப்பா" என்று நெற்றியைத் தட்டினார். இந்தத் தடவை அது தட்டல் இல்லை, தட்டிக்கொடுத்தல். மறுநாள் அண்டா இல்லை, குக்கர் நிறையக் கேசரிபாத் வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போனபோது என் மனைவி, "ஊங்கொட்டினதுக்குக் கூலி பரவாயில்லயே" என்றாள்.

ஆயுதபூஜை அன்று காலையில் மகன் வந்து இறங்கினார். கையில் மடித்த அட்டைப் பெட்டிகள், ஒட்டும் டேப்பு. நான் வண்டிக்கு மாவிலை கட்டி, இஸ்திரிப் பெட்டிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா பழைய கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, சாமந்திச் சரத்தைத் திரைமேல் தொங்கவிட்டிருந்தார். மகன் அட்டைப் பெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்றார். அம்மா பூவை ஒதுக்கிவிட்டு, "உட்காரு, காட்டறேன்" என்றார். எனக்கு முதுகு ஜன்னல் பக்கம்தான், காது முழுக்க உள்ளே. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டார்கள். மகன் கீபோர்டில் தட்டிப் பார்த்தார். பிறகு அம்மா எழுதியதையெல்லாம் மேலிருந்து கீழே படிக்கத் தொடங்கினார். நான் தேங்காயை உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று அவர் குரல் மாறியது. "அம்மா, இது என்ன, ஓ, ஓ, எம்னு எழுதியிருக்கீங்க? மெமரி தீர்ந்துபோச்சா? எந்த இடத்துல தீருது?" அம்மா பின்னால் எனக்குச் சொன்னார், கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் அந்த மூன்றெழுத்துக்கு நினைவு வைக்கும் இடம் தீர்ந்துபோயிற்று என்று அர்த்தமாம். அப்போது எனக்கு அது தெரியாது. ஆனால் மெமரி என்ற சொல் தெரியும். அந்த வீட்டில் அந்தக் கோடையிலிருந்து யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது.

"என் மெமரியைக் கேட்கிறியா, கம்ப்யூட்டர் மெமரியைக் கேட்கிறியா?" என்றார் அம்மா. "ரெண்டும் தீரலை. அது ஊம்டா."

"என்ன ஊம்?"

"சின்ன வயசுல கதை கேட்கும்போது கொட்டுவியே, அந்த ஊம். சிப் எழுத்தைச் சொன்னா கர்னல் ஊம் சொல்லணும். சொன்னாத்தான் அது அடுத்ததைச் சொல்லும். அந்த வேலைக்கு நான் வெச்ச பேரு. தமிழ் எழுத்துல எழுத எனக்குத் தெரியாது, அதனால இங்கிலீஷ்ல ஓ, ஓ, எம்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, இவனுக்கு ஒரு ஊம் சொல்லிக் காட்டு" என்றார். ஆயுசு முழுக்க ஊம் சொன்னவன் நான். சொல்லிக் காட்டு என்றதும் அது வர மறுத்தது. கையில் தேங்காயோடு, எதிரில் புனேக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. மகன் சிரித்துவிட்டார். முதலில் என்னைப் பார்த்து, பிறகு அந்த மூன்றெழுத்தைப் பார்த்து, பிறகு நிறுத்த முடியாமல். சிரித்து முடித்ததும் அந்த ஊம் வரியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். ஒரு எழுத்தோடு நின்றது. திரும்ப வைத்தார். ஓடியது. "காலேஜ்ல இதெல்லாம் படிச்சேம்மா. சுத்தமா மறந்துபோச்சு" என்றார்.

"மறந்துட்டியா?" என்றார் அம்மா. "அப்போ உன்னைத்தான் நான் இங்கே கூட்டிட்டு வந்து வெச்சுக்கணும்."

மகன் விஜயதசமி ஊர்வலத்தை அம்மாவோடு பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். அட்டைப் பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. தேய்த்த துணிகளை அடுக்க நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போகும்போது மார்க்கெட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம், போனால் போனைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டளை மட்டும் போட்டார். அம்மா அதற்குச் சம்மதித்தார். அவர் பிடிவாதக்காரர் இல்லை. வாசல் மாறிப் போவது இனியும் நடக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது நான் கேஸில் சூடாகும் பெட்டி வைத்திருக்கிறேன், விரலில் கரி இல்லை. அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் நரை கூடியிருக்கிறது. கண்ணாடி எங்கே என்று தேடுவார், பால் இன்னும் பொங்குகிறது. விரல் மட்டும் நெற்றிக்குப் போவதில்லை. அவருடைய கர்னல் இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அடுத்து எதையோ டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ள அதைப் பழக்குகிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் புனேயிலிருந்து போன் வரும். முன்பெல்லாம் மருந்து சாப்பிட்டீர்களா, கதவைப் பூட்டினீர்களா என்றுதான் மகன் அந்தப் போனில் கேட்பார். இப்போது அம்மா கைகள் இரண்டும் வேண்டும் என்று போனை ஜன்னல் கட்டையில் வைத்து, சத்தமாகப் பேசும்படி விட்டுவிட்டு, அந்த வாரம் தான் விழுந்த குழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊம் கொட்டும் வேலை இல்லை, அதை மகன் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் அவர் பாதியில் நிறுத்தி, காகிதத்தைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்று கேட்டது போன்.

"இருடா, வர்றேன்" என்றார் அம்மா.

"அப்புறம் என்ன ஆச்சும்மா?"

நானும் பெட்டியைத் தாங்கிமேல் தூக்கி வைத்துவிட்டு, அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தேன்.